ஈவில் டெட் இரண்டாம் பாகம்: என் கட்சி

போன மாதம் குறுக்குத்துறைப் படித்துறை பற்றி எழுதியிருந்தேன். "மனசுக்கு இதமா இருந்துச்சு, இப்படியே எழுதுங்க" என்று மூன்று நாலு பேர் போனில் சொன்னார்கள். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு எழுதப் போவது கை அறுபட்டு, தலை அறுபட்டு, சுவரிலிருந்து குடம் குடமாக ரத்தம் கொட்டுகிற ஒரு படத்தைப் பற்றி. சாப்பாட்டு நேரத்தில் இதைத் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு, கை கழுவியபின் வரலாம்.

பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். 69 வயதில் இதை ஒத்துக்கொள்ள வெட்கம் ஒன்றும் இல்லை. பேரன் எடுத்தவர் பார்க்கிற படமா இது என்று வீட்டில் கேட்பார்கள். பேரன் எடுப்பதற்கு முன்பிருந்தே பார்க்கிறேன் என்பதுதான் என் பதில்.

எண்பதுகளின் நடுவில் 'தி ஈவில் டெட்' எங்கள் பக்கம் வந்தபோது நடந்த கூத்து உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ராத்திரி ஆட்டத்தைத் தனியாக உட்கார்ந்து முழுக்கப் பார்த்தால் இத்தனை ஆயிரம் ரூபாய் பரிசு என்று ஒரு பேச்சு கிளம்பியது. எந்தக் கொட்டகையில் கொடுக்கிறார்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்து ஊரில் ஒருவன் அப்படி உட்கார்ந்து ரத்தம் கக்கிச் செத்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும்! அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் நானும் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குப் போனோம். இடைவேளையில் வாங்கிய முறுக்கு பொட்டலம் பிரிக்கப்படாமலே வீடு வந்து சேர்ந்தது. வருகிற வழியில் சைக்கிளுக்குக் குறுக்கே ஒரு பன்றி ஓடியதற்கு நண்பர் போட்ட சத்தத்தில் நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. பன்றியும் பயந்திருக்கும்.

கதை தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துக் காட்டுக்குள் ஒரு மரவீடு. விடுமுறைக்கு ஐந்து இளசுகள் வருகிறார்கள். நிலவறையில் ஒரு பழைய புத்தகமும் ஒரு டேப் ரிக்கார்டரும் கிடைக்கின்றன. டேப்பில் ஒரு பேராசிரியர் அந்தப் புத்தகத்து மந்திரத்தைப் படித்து வைத்திருக்கிறார். போட்டுக் கேட்கிறார்கள். காட்டில் இருந்தது விழித்துக்கொள்கிறது. ஒவ்வொருவராகப் பேயாகிறார்கள். ஆஷ் என்ற பையன் மட்டும் மிஞ்சுகிறான்.

இதை எடுத்த சாம் ரெய்மிக்கு படப்பிடிப்பு தொடங்கும்போது இருபது வயதுதான். ஒரு சின்னப் படத்தை எடுத்து, அதைப் பல் டாக்டர், வக்கீல் என்று தெரிந்தவர்களிடம் போட்டுக் காட்டிப் பணம் திரட்டியிருக்கிறார்கள். விலை உயர்ந்த கேமரா வண்டிக்குக் காசு இல்லை. ஒரு பலகையில் கேமராவைக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே தரையோடு தரையாக ஏதோ பாய்ந்து வருகிற காட்சியைப் பார்த்து நாம் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டோமே, அது இந்தப் பலகை ஓட்டம்தான். 1981 அக்டோபரில் டெட்ராய்ட்டில் முதல் திரையிடல். பிறகு ஸ்டீபன் கிங் அதைப் பார்த்துப் பாராட்டி எழுதப் போய் உலகம் முழுக்கப் போனது.

இரண்டாம் பாகம் 1987இல் வந்தது. அதை நான் பார்த்தது கொட்டகையில் அல்ல. டெக் வாடகைக்கு எடுத்து, நண்பர் வீட்டுக் கலர் டிவியில், அவர் மனைவி பிள்ளைகளுடன் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் ராத்திரி. கேசட்டைக் கொடுத்த கடைக்காரர், "முதல் பார்ட் எல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அரை மணி நேரம் ஓடியிருக்கும். நண்பர் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னவே இது? பேய்ப்படமா, நாகேஷ் படமா?"

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. இரண்டு பேரும் ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனால் முதல் பாகம்தான் படம், இரண்டாவது அதற்குச் செய்த துரோகம் என்பது அவர் கட்சி. இரண்டாவதுதான் படம் என்பது என் கட்சி.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பமே குழப்பம். போன படத்தில் அத்தனையும் பட்ட ஆஷ், அதே காதலியோடு, அதே வீட்டுக்கு, ஒன்றும் நடக்காதது மாதிரி வருகிறான். காதலி முகம் வேறு மாறியிருக்கிறது. "செத்தவளைக் கூட்டிட்டுச் செத்த வீட்டுக்கே போறான், இவனுக்கு அறிவு வேண்டாமா?" என்று நண்பர் கேட்டதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் படத்தின் துண்டுகளை எடுத்துப் போட உரிமை கிடைக்கவில்லை. அதனால் பழைய கதையைச் சுருக்கி, ஐந்து பேரை இரண்டு பேராக்கி, முதல் சில நிமிடங்களில் மறுபடி புதிதாக எடுத்திருக்கிறார்கள். அதாவது அது 'முன் கதைச் சுருக்கம்'. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் கட்டம் கட்டிப் போடுவார்களே, அது. கட்டம் கட்டாமல் விட்டதுதான் வினை.

இந்தப் படம் எடுக்கப்பட்ட கதையும் சுவையானது. நடுவில் ரெய்மி 'கிரைம்வேவ்' என்று ஒரு படம் எடுத்து அது படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பேயிடமே திரும்பி வந்தார். பணம் கிடைக்கவில்லை. மறுபடியும் ஸ்டீபன் கிங்தான் கை கொடுத்தார். அப்போது அவர் வட கரோலினாவில், டினோ டி லாரன்டிஸ் என்ற இத்தாலியத் தயாரிப்பாளருக்காக ஒரு படம் இயக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பையன்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, முதலாளியிடம் சொல்லிப் பணம் வாங்கிக் கொடுத்தார். ரெய்மிக்கு ஆஷை மத்திய காலத்துக்கு அனுப்பி வாளும் கவசமுமாக ஒரு படம் எடுக்க ஆசை. முதலாளிக்கு முதல் பாகம் மாதிரியே இன்னொன்று போதும். அதனால் மறுபடி அதே மரவீடு. மத்திய காலம் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் வரும். வட கரோலினாவில் வேட்ஸ்பரோ என்ற சின்ன ஊரில், ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குள் வீட்டின் உட்புறத்தை செட் போட்டு எடுத்தார்கள். நிலவறைக் கிழவிப் பேயாக வருவது இயக்குநரின் தம்பி டெட் ரெய்மி. உடம்பு முழுக்க ரப்பர் உடை. கிழவி மேலே பறந்து சுழலும்போது காதிலிருந்து ஏதோ நீர் தெறிக்கும், கவனித்துப் பாருங்கள். பேய்க்கு வைத்த ஒப்பனை இல்லை அது. உள்ளே இருந்த பையனின் வியர்வை.

இன்னொன்று. எங்கள் வாடகைக் கேசட்டில் ரத்தம் ஒரு இடத்தில் பச்சையாக இருந்தது, இன்னொரு இடத்தில் கறுப்பாக இருந்தது. கேசட் தேய்ந்து போயிருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். பிறகு படித்தால், வேண்டுமென்றே அப்படி நிறம் மாற்றியிருக்கிறார்கள்! அமெரிக்கத் தணிக்கையில் 'எக்ஸ்' சான்றிதழ் விழுந்தால் விளம்பரமும் போட மாட்டார்கள், கொட்டகையும் கிடைக்காது. சிவப்பு இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். அப்படியும் பலிக்காமல் கடைசியில் சான்றிதழே இல்லாமல் வெளியிட்டார்கள். அந்த ஐந்து ரூபாய்க்காக அந்தக் கடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, என் கட்சிக்கு வருகிறேன்.

முதல் பாகத்தில் பேய் பிடிப்பது அடுத்தவர்களை. தங்கை, காதலி, நண்பன். ஆஷ் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அடிபடுகிறான், பயப்படுகிறான். நாமும் அவனோடு சேர்ந்து பயப்படுகிறோம். நல்ல படம்தான், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தில் பாதிப் படத்துக்கு வீட்டில் அவன் ஒருவன்தான். பயமுறுத்த ஆள் இல்லை. அதனால் பேய் அவனுடைய வலது கைக்குள் வருகிறது.

புரூஸ் கேம்பல் என்ற அந்த நடிகர் சமையலறையில் தன் கையோடு போடுகிற சண்டையைப் பார்க்க வேண்டும். கை அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறது. தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் தலையில் உடைக்கிறது. குத்துகிறது, தூக்கிக் குட்டிக்கரணம் போட வைக்கிறது. அவன் மயங்கி விழுந்ததும் தரையில் நகத்தை ஊன்றி ஊன்றி அவன் உடம்பையே இழுத்துக்கொண்டு கத்தியை நோக்கிப் போகிறது. எதிரே யாரும் இல்லை. ஒரே ஆள் அடிக்கிறான், அவனே அடி வாங்குகிறான். சார்லி சாப்ளின் காலத்து ஊமைப்படக் கோமாளிகள் செய்ய வேண்டிய வேலை அது. ரெய்மியும் அவர் கூட்டாளிகளும் 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற அடிதடிக் கோமாளிகளின் பரம ரசிகர்களாம், தெரிகிறது. கடைசியில் அவன் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தை எடுத்து மணிக்கட்டில் வைக்கிறான். அறுந்த கை ஓடாமல் இருக்க அதன் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, வாளி மேல் புத்தகங்களை அடுக்குகிறான். மேலே இருக்கிற புத்தகம் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. ஆங்கிலத்தில் ஆர்ம்ஸ் என்றால் ஆயுதமும்தான், கையும்தான். போருக்கு விடை கொடுத்த புத்தகம் கைக்கு விடை கொடுக்கிறது. நான் அந்த ராத்திரி விழுந்து விழுந்து சிரித்தேன். நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் வருவதுதான் படத்தின் உச்சம் என்பேன். சுவருக்குள் ஓடி ஒளிந்த கையை அவன் துப்பாக்கியால் சுடுகிறான். சுவரிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்து அவனை முழுக்காட்டுகிறது. நின்றதும் சோர்ந்துபோய் நாற்காலியில் உட்காருகிறான். நாற்காலி பொளக்கென்று உடைந்து கீழே விழுகிறான். அவ்வளவுதான், சுவரில் பாடம் பண்ணி மாட்டியிருக்கும் மான் தலை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. மேசை விளக்கு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. அலமாரிப் புத்தகங்கள் வாயைத் திறந்து சிரிக்கின்றன. அவனும் சேர்ந்து சிரிக்கிறான், விளக்கைப் போலவே குனிந்து நிமிர்ந்து சிரிக்கிறான். சிரிப்பு எந்த இடத்தில் அலறலாகிறது என்று கோடு போட முடியாது.

நாகேஷ் படமா என்று நண்பர் திட்டினாரே, அது திட்டு இல்லை, பாராட்டு. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையா முகம் போகிற போக்கை நினைத்துப் பாருங்கள். நாம் சிரித்தது உண்மை. பாலையா பயந்ததும் உண்மை. விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகாக அடுப்புக்குள் வைத்துச் சமைத்தபோது பெண்கள் பக்கம் அலறலா சிரிப்பா, யாராவது பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இன்னும் பின்னால் போகட்டுமா? கல்லூரியில் எங்களுக்குக் கலிங்கத்துப்பரணி பாடமாக இருந்தது. தமிழாசிரியர் கடை திறப்பை அப்படியே தாண்டினார், அதன் காரணம் உங்களுக்குத் தெரியும். பேய்கள் கூழ் அடுகிற இடத்தையும் வேகமாகத் தாண்டினார். நான் விடுதியில் தனியாக உட்கார்ந்து படித்தேன். செத்துக் கிடக்கும் யானையின் தந்தத்தில் பல் விளக்கி, விலா எலும்பில் நாக்கு வழித்து, ரத்தத்தில் குளித்து, போர்க்களத்தில் பேய்கள் சமைத்துப் பந்தி போடுகின்றன. குருட்டுப் பேய்க்கு ஒரு விதமாக, ஊமைப் பேய்க்கு ஒரு விதமாகப் பரிமாறுகிறார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நடக்கும் அத்தனை கேலியும் அங்கே இருக்கிறது. ஜயங்கொண்டார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் செய்ததைத்தான் மிச்சிகன் பையன் ஒருவன் அவரைப் பற்றிக் கேள்விகூடப் படாமல் செய்திருக்கிறான். குடலும் ரத்தமும் அளவு மீறிப் போனால் மனிதன் சிரிக்கத்தான் செய்வான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

இதெல்லாம் நான் முப்பது வருடமாக நண்பரிடம் வாதாடிய வாதம். வெறும் வாய்ப்பேச்சு. இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகை மாதம் ஒரு காலையில் காப்பி டம்ளரை எடுத்தேன். எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். டம்ளர் தரையில் உருண்டது. கையைப் பார்த்தால் அது மேசை மேல் அப்படியே கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி.

பக்கவாதம். வலது பக்கம். ஆஸ்பத்திரியில் இருந்ததை எழுதி உங்களை அறுக்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்த பின்னாலும் வலது கை என்னுடையதாக இல்லை. விரல்கள் தானாகச் சுருண்டு முஷ்டியாகிக்கொள்ளும். இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். தூக்கத்தில் நெஞ்சின் மேல் கிடந்தால் வேறு யார் கையோ என்று திடுக்கிட்டு விழிப்பேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கேன்" என்றேன். படத்தில் ஆஷ் கண்ணாடி முன் நின்று தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்வான். கண்ணாடிக்குள் இருக்கும் ஆஷ் வெளியே பாய்ந்து அவன் சட்டையைப் பிடிப்பான். அந்தக் காட்சி எனக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூளையிலும் அடிபட்டிருக்கிறது என்று மறுபடி ஸ்கேனுக்குக் கூட்டிப் போவார்கள்.

ஐந்து வாரம் கழித்து நண்பர் வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், வந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆரஞ்சுப் பழப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு தலையணை மேல் கிடந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர். அவர் அப்படி இருந்தது எனக்குப் பக்கவாதத்தைவிடப் பயமாக இருந்தது. அப்போது எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. இந்த நோய் வந்த சிலருக்கு ஒரு வேடிக்கை உண்டு. தூக்கச் சொன்னால் தூக்காத கை, கொட்டாவி விடும்போது மட்டும் தானாக எழும். பிசியோதெரபி செய்ய வரும் தம்பி இதை ஏற்கெனவே சொல்லியிருந்தார். நண்பருக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். தலையணை மேலிருந்து கை மெதுவாக, அதுபாட்டுக்கு, எழுந்து வந்தது.

நண்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏவே, வீட்ல வாளி இருக்கா?"

"எதுக்குவே?"

"கவுத்திப் போட்டு மேல ரெண்டு புஸ்தகத்தை வச்சுருவோம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்ததாக நான் நினைத்த மனிதர் முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த வாளியை ஞாபகம் வைத்திருக்கிறார்! நான் சிரித்தேன். அப்போது வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் சிரிப்பு கோணலாக வந்தது, எச்சில் ஒழுகியது, அதைப் பார்த்து அவர் சிரித்தார், கட்டில் குலுங்கியது. "அண்ணே, உங்களுக்கு விளையாட்டுக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று சமையலறையிலிருந்து கோபமாக வந்த வீட்டம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காப்பி போடப் போனாள்.

அன்றைக்குத்தான் மான் தலை ஏன் சிரித்தது என்று எனக்குப் புரிந்தது. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் போவதைவிடப் பெரிய பேய்க்கதை உண்டா? நம் வயதுக்காரர்களைக் கேட்கிறேன். உங்கள் முழங்கால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறதா? ராத்திரி மூன்று முறை எழுப்புகிறதே, அது உங்கள் உத்தரவிலா நடக்கிறது? முதல் பாகம் காட்டியது வெளியே காட்டில் இருக்கும் பயம். அது இளவயதுப் பயம். பன்றியைப் பார்த்து அலறுகிற பயம். இரண்டாம் பாகம் காட்டுவது மணிக்கட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கிற பயம். ரெய்மிக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான். இதெல்லாம் நினைத்தா எடுத்தார் என்று கேட்டால், எடுத்திருக்க மாட்டார். கையை வைத்து வேடிக்கை காட்ட நினைத்தார், அவ்வளவுதான். படம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது.

ரத்தம் பார்த்தால் மனசு கெட்டுப்போகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் பூ படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புகிற அதே பெரியவர், மத்தியானம் நடுரோட்டில் ஒருவனை வெட்டுகிற கண்காணிப்புக் கேமரா காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறார். அதைத் திறந்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இப்போது வருகிற நம்மூர்ப் பெரிய படங்களில் நாயகன் ஐம்பது பேரைத் தலை வேறு முண்டம் வேறாகச் சீவுகிறான். குடும்பத்தோடு போய், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விசில் அடிக்கிறார்கள். அங்கே ரத்தம் எல்லாம் அடுத்தவன் ரத்தம், சிந்த வைப்பவன் நம் ஆள். 'ஈவில் டெட்' இரண்டாம் பாகத்தில் ரத்தம் முழுக்க ஆஷ் தலையில்தான் கொட்டுகிறது. அவன் படுகிறான், விழுகிறான், எழுகிறான். அவனைப் பார்த்து எவனும் அரிவாள் தூக்கப் போவதில்லை.

குறை இல்லாத படமா என்றால், இருக்கிறது. பேராசிரியரின் மகளும் இன்னும் மூன்று பேரும் வந்து சேர்ந்ததும் வீட்டில் கூட்டம் கூடிவிடுகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் சாவதற்காகவே வந்தவர்கள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒரு பேயின் கண் பிதுங்கிப் பறந்து போய் ஒரு பெண்ணின் வாய்க்குள் விழுகிற காட்சியைப் பார்த்து இன்றும் என் பேரன் சோபாவிலிருந்து உருளுகிறான். எனக்கு அது கொஞ்சம் ஓவர். அந்தப் பெண்ணை மரங்கள் இழுத்துப் போகும் இடமும் எனக்குப் பிடிக்காது. முதல் பாகத்தில் அதே மாதிரி வரும் மரக்காட்சி இதைவிடப் பல மடங்கு கேவலம். அந்தக் காட்சிக்காக ரெய்மியே பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். முதல் பாகத்தைத் தலையில் வைத்து ஆடும் நண்பர் அந்தப் பேச்சு வந்தால் மட்டும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

பின்னால் வந்தவற்றைப் பற்றியும் இரண்டு வரி. 1992இல் வந்த மூன்றாம் பாகம் 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்', ரெய்மி ஆசைப்பட்ட மத்திய காலத்துப் படம். அதில் சிரிப்பு இருக்கிறது, பயம் போய்விட்டது. 2013இல் வேறு இயக்குநர் மறுபடி எடுத்தார். அதில் ரத்தம் மழையாகவே கொட்டுகிறது, மருந்துக்கும் ஒரு மான் சிரிக்கவில்லை. 2023இல் வந்த 'ஈவில் டெட் ரைஸ்' காட்டை விட்டு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிட்டேன். ரெய்மி இடையில் 'ஸ்பைடர்மேன்' எடுத்துப் பெரிய மனிதராகிவிட்டார். ஆனால் 'ஸ்பைடர்மேன்' இரண்டாம் பாகத்தில், ஆஸ்பத்திரியில் அந்த விஞ்ஞானியின் இரும்புக் கைகள் அவர் மயங்கிக் கிடக்கும்போதே தானாக விழித்து டாக்டர்களைத் துவம்சம் செய்கிற காட்சியைப் பாருங்கள். அங்கேயும் ஒரு மோட்டார் ரம்பம் இருக்கும். பழைய வீட்டை அவர் மறக்கவில்லை.

என் வலது கை இப்போது பரவாயில்லை. சட்டைப் பித்தான் போடுகிறது, டம்ளரைப் பிடிக்கிறது, சில நாள் விட மறுக்கிறது. இந்தப் பதிவை இடது கை ஆள்காட்டி விரலால்தான் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பழியை அதன் மேல் போடுங்கள். கொட்டாவிக்கு மட்டும் வலது கை இன்னும் மரியாதையாக எழுந்து நிற்கிறது.

வாளி ஜோக்குக்குப் பிறகாவது கட்சி மாறுவார் என்று பார்த்தேன். "நான் சிரிச்சது வேற வே, படம் வேற. முதல் பார்ட் மாதிரி வருமா?" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார். இரண்டு பாகத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து, பேரனை நடுவராக வைத்துத் தீர்ப்பு வாங்குவதாக ஏற்பாடு. வீட்டம்மா அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். முறுக்கு சுட்டு டப்பாவில் வைத்துவிட்டுத்தான் போவாளாம்.